வெள்ளைக் குட்டிகளும் வாத்தியார் புறாக்களும்

இராயபுரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் போட்டோக்களும் வியாழக்கிழமை வந்தன. உறையைப் பிரிப்பதற்குள் பேத்தி பிடுங்கிக்கொண்டாள். ஐந்து ராஜபாளையம் நாய்க்குட்டிகள், ஐந்தும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். கோணிப்பை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தூங்கும் படத்தை அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். போகும்போதும் வரும்போதும் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் வீட்டுக்காரிக்கு முட்டிவலி. ஆனாலும் மாடிக்கு ஏறி வடாம் காயவைப்பதை விடமாட்டேன் என்கிறாள். தடைக்காலம் முடிந்து காசிமேட்டுப் போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. இரண்டு மாதம் ஐஸ் மீன் தின்று அலுத்த நாக்குக்குப் போன ஞாயிறு நல்ல சங்கரா கிடைத்தது. நம் புறாக் கூண்டு இருந்த மூலையில் இப்போது தண்ணீர்த் தொட்டி. அங்கே நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் அப்படியே தெரிகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசி ஈத்தில் ஒரு குட்டியை வாங்கிப் போனவர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார், ‘கூப்பிட்டால் வருவதில்லை, முரட்டுக் குட்டி’ என்றார் என்று எழுதியிருக்கிறாய். முருகேசா, அது முரடாக இருக்காது. அதற்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அது அசந்து தூங்கும்போது, நிழல் மேலே படாமல், தரை அதிராமல் பின்னால் போய் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார். காதாவது அசைகிறதா என்று கவனி. மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்து வைத்துச் செய். இல்லாவிட்டால் மற்றது எழுந்து ஓடுவதைப் பார்த்து இதுவும் எழுந்துவிடும், நீ ஏமாந்துபோவாய்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எண்ணூரில் என் மச்சான் வீட்டில் ஒரு ராஜபாளையம் இருந்தது. நீ பார்த்ததில்லை, நீ ஊருக்குப் போன பிறகு வந்தது. தூய வெள்ளை. தீபாவளிக்குத் தெருவே வெடித்துக்கொண்டிருக்கும், அது திண்ணையில் கால் நீட்டித் தூங்கும். பயமே அறியாத நாய் என்று வீட்டில் எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான். ஒருநாள் சாயங்காலம் தெருமுனையில் ஒரு டிரெய்லர் லாரி ரிவர்ஸ் எடுத்தது. கிளீனர் பையன் தட்டித் தட்டிக் கத்துகிறான், டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், நாங்கள் வாசலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். அது லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை முகர்ந்துகொண்டே நின்றது. திரும்பியே பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அதற்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரிந்தது.

காரணம் எனக்கு விளங்கியது இந்த மே மாதம்தான். அதுவும் வேறு ஒரு நாயால். சின்னவன் பேத்திக்கு ஒரு பக் நாய் வாங்கிக் கொடுத்திருக்கிறான். 2003-ல் அந்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்த பிறகு ஊரெல்லாம் ‘ஹட்ச் நாய்’ என்று கேட்டு வாங்கினார்களே, அதேதான். ராத்திரி குறட்டை விடும், எல்லாரும் சிரிப்போம். கத்திரி வெயிலில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. அரை மணி நேரத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. நாக்கு நாவல்பழம் தின்ற நிறத்துக்குப் போய்விட்டது. ஈரத் துண்டைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பேத்தி வழியெல்லாம் அதன் மூக்கில் ஊதிக்கொண்டே வந்தாள். பிழைத்துக்கொண்டது.

அங்கே ஒரு டாக்டர் அதன் மூக்கை டார்ச் அடித்துக் காட்டினார். ஓட்டையே இல்லை, பேனாவால் கோடு இழுத்தது போல் ஒரு கீறல். மனிதருக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், அந்த வேலையில் பெரும் பங்கு மூக்குக்குள் இருக்கும் ஈரத்தோல் செய்வது என்றார். மூக்கெலும்பைக் குட்டையாக்கிவிட்டோம், உள்ளே இருக்கும் சதை குறையவில்லை. அண்ணத்தின் பின்பக்கத்து மென்சதை மூச்சுக்குழாய் வாயில் தொங்குகிறது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த குறட்டை அதுதான். 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் இதே பக் நாய்க்குக் காலும் நீளம், மூக்கும் நீளம். தட்டை முகம்தான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததால் வந்தது இது. வீட்டில் ஒருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. இப்போது காலை 6 மணிக்கு முன்னால் நடை, அதோடு சரி.

அந்த டாக்டரிடம்தான் எண்ணூர் நாயைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது இது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் காதுக்குள்ளேயும் இருக்கின்றன. அவை இருந்தால்தான் ஒலியை உணரும் நுண்மயிர்கள் உயிரோடு இருக்கும். கருவில் அந்தச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து உடம்பெங்கும் பரவுகின்றன. எங்கே போய்ச் சேரவில்லையோ அந்த இடம் வெள்ளையாகிவிடுகிறது. காதுக்குள்ளும் போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் அந்தக் காது செத்துப்போகிறது. வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று அர்த்தமில்லை. சமோயெட் என்ற நாய் வெள்ளைதான், ஆனால் மூக்கு கறுப்பாக இருக்கும், அந்த வெள்ளைக்குக் காரணம் வேறு. மூக்கும் ரோஸாக, இமையும் ரோஸாக, ஒரு பொட்டு நிறம்கூட இல்லாமல் வேண்டும் என்று தேடித் தேடிச் சேர்த்தால்தான் காதில் கை வைக்கிறோம். அதிலும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைத் தட்டு தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. மூளைக்குப் போகும் மின்துடிப்பை அளந்து பார்க்கும் சோதனை வேண்டும்.

அப்புறம் டால்மேஷன் பற்றி ஒன்று சொன்னார், அதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. டால்மேஷன் குட்டி பிறக்கும்போது வெள்ளை, புள்ளிகள் பிறகுதான் வரும். சிலது மட்டும் காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். கண்காட்சி விதிப்படி அந்தத் திட்டு குறை, அந்த நாய்க்கு மேடை கிடையாது. ஆனால் சோதித்துப் பார்த்தால், திட்டு உள்ள நாய்களில்தான் செவிடு குறைவாம். காது நன்றாகக் கேட்கிற குட்டிகளாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து இனம் வளர்த்திருக்கிறார்கள்.

இந்த ஈத்தில் பிறந்த ஏழில் காதுப்பக்கம் பழுப்புத் திட்டு இருந்த இரண்டைத் தோட்டத்துக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ கொல்லவில்லை. நிறம் விழுந்த குட்டிகளைப் பிறந்த அன்றே தண்ணீரில் அமுக்கிவிடுபவர்களைப் பற்றி நாம் இருவரும் கேட்டிருக்கிறோம். உனக்கு அந்த மனசு வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் இனத்துக்குக் கணக்கு ஒன்றுதான், முருகேசா. அந்த இரண்டும் இனி உன் வரிசையில் இல்லை.

நமக்குப் புறா வளர்க்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் புறா பார்த்த விதத்தை நினைத்துப் பார். கையில் எடுத்தால் நிறத்தையா பார்ப்பார்? இறக்கையை விசிறி போல விரித்து இறகுக்கும் இறகுக்கும் இடைவெளி பார்ப்பார். நெஞ்செலும்பை விரலால் தடவுவார். கண்ணைப் பார்ப்பார். அதெல்லாம் பார்த்துவிட்டும் முடிவு சொல்லமாட்டார். காலை 6 மணிக்கு விட்ட சாதா ஜாதிப் பறவைப் புறா, உச்சி வெயிலிலும் ஊசிமுனைப் புள்ளியாக மேலே நின்றால்தான் அதற்கு ஜோடி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வியாசர்பாடியிலிருந்தோ கொருக்குப்பேட்டையிலிருந்தோ ஒரு ஆணை வாங்கி வந்து ‘ரத்தம் மாத்தணும்டா’ என்பார். நீ மூன்று மாதம் காசு சேர்த்து ஒரு சாம்பல் புறா வாங்கி வந்தாயே, கழுத்தில் மயில் பச்சை மின்னும். 11 மணிக்கே அடுத்த வீட்டு ஓட்டில் இறங்கிவிட்டது. நீ அழுதாய். அவர் அதை எடுத்து உன் கையில் கொடுத்து, ‘வச்சுக்கோ, தீனி போடு, நல்லாப் பாத்துக்கோ. ஜோடி மட்டும் போடாதே’ என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அழகுக்கு வளர்க்கும் புறாக்கள் என்ன ஆயின என்று பார். அலகு குட்டையாக இருக்க வேண்டும் என்று குறுக்கிக் குறுக்கி, சில ஜாதிகள் தன் குஞ்சுக்கே ஊட்ட முடியாமல் போய்விட்டன. குஞ்சால் முட்டையை உடைத்து வெளியே வர முடிவதில்லை, வளர்ப்பவர் உடைத்துவிட வேண்டும். புல்டாக் கதையும் அதேதான், தலை பெருத்துப் பெருத்து ஆபரேஷன் இல்லாமல் ஈனுவதே அரிதாகிவிட்டது. அல்சேஷனை 1899-ல் ஜெர்மனியில் தனி இனமாகப் பதிவு செய்தபோது அது ஆடு மேய்த்த நாய், முதுகு நேர். இன்று கண்காட்சிக்கு வரும் சிலவற்றைப் பார்த்தால் பின்பக்கம் தரையை நோக்கிச் சரிந்து, பின்னங்கால் மடங்கியபடி நடக்கின்றன.

நம் ஊர் நாய்களை இத்தனை காலம் காப்பாற்றியது வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் நின்றது, சிப்பிப்பாறையும் கன்னியும் முயலுக்கு ஓடின. காது கேட்காதது, இடுப்பு பலமில்லாதது காட்டில் தானாகவே கழிந்துபோகும். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டைக்குத் தடை விழத் தொடங்கியது. அது சரியான சட்டம், முயலுக்கும் உயிர்தானே. ஆனால் வேட்டையோடு நாய்க்கான பரீட்சையும் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறு பரீட்சையை நாம் வைக்கவில்லை. நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது இராம்பூர், முதோல், இமாலய ஷீப்டாக்கோடு ராஜபாளையமும் இருந்தது. கவுண்டரில் உட்கார்ந்து அதை விற்ற நாளில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒரு தாள் என் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கிறது. அப்படிப்பட்ட நாய் வாட்ஸ்அப்பில் ‘ஃபுல் ஒயிட், பிங்க் நோஸ்’ என்று விலைபோவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அடுத்த ஈத்துக்கு வெள்ளை கெட்டுப்போகாமல் இருக்க ஐப்பசிக் குட்டிகளில் அண்ணனையும் தங்கையையும் சேர்க்கப் போகிறேன் என்று எழுதியிருப்பதைச் செய்யாதே. ஒவ்வொரு நாய்க்குள்ளும் வெளியே தெரியாத குறைகள் ஒளிந்து கிடக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகளைச் சேர்த்தால், தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே மரபணுவின் ஒரே பிரதி வந்து ஜோடியாவது நூற்றுக்கு 25 இடத்தில் நடக்கும். வெள்ளை மட்டும் இரட்டிப்பதில்லை, ஒளிந்திருப்பதும் இரட்டித்து வெளியே வருகிறது. டால்மேஷனுக்குச் சிறுநீரில் கல் கட்டும் குறை இனம் முழுக்கப் பரவியிருந்தது. 1973-ல் அமெரிக்காவில் ஒரு மரபியல்காரர் அதை ஒரே ஒரு முறை பாயின்டர் என்ற வேட்டை நாயோடு சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்துக்கொண்டு வந்தார். புள்ளியும் போகவில்லை, அந்த வரிசையில் கல் பிரச்சினையும் தீர்ந்தது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்கத்திய கென்னல் கிளப் அதை முழுசாக ஏற்க 2011 ஆனது. வாத்தியார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்ததுதான்.

தாய்க்கும் ஓய்வு கொடு. ஐப்பசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று என்றால் அதன் உடம்பு என்னத்துக்காகும்? 2017-ல் வந்த மத்திய அரசு விதியே வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, அடுத்தடுத்த பருவத்தில் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது என்கிறது. உன் வீட்டில் தங்கச்சி அதற்கு முட்டையும் கேழ்வரகுக் கூழும் பார்த்துப் பார்த்து வைப்பதாக எழுதியிருந்தாய். அவளிடம் கேள், இப்போது அதன் விலா எலும்பு விரலுக்குத் தட்டுகிறதா என்று சொல்வாள்.

திரும்பி வந்த குட்டியை யாருக்கும் தள்ளிவிடாதே. வச்சுக்கோ, தீனி போடு, ஜோடி மட்டும் போடாதே. கை ஜாடையில் பழக்கினால் நன்றாகப் பழகும் என்று டாக்டர் சொன்னார். தனியாக ரோட்டுக்கு மட்டும் விடாதே.

தோட்டத்துக்காரரிடம் போய், அந்தத் திட்டுக் குட்டிகளில் பெட்டை எது என்று கேட்டு வை. வளரட்டும், அவரிடமே இருக்கட்டும், ஜோடிக்கு மட்டும் நமக்கு வேண்டும். வேறு ஊரில், உன் வரிசையோடு ஒட்டாத ஒரு ஆணைத் தேடலாம், அவசரமில்லை. வருகிற மாதம் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், காலையில் ராஜபாளையத்தில் இறங்கிவிடுவேன். உன் அறுப்பு முடிந்த வயலில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்போம். எது காதைத் திருப்புகிறது, எது கடைசி வரப்பு வரை ஓடித் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்வோம். தங்கச்சியிடம் சொல்லி வை, ரொட்டியும் சங்கராக் கருவாடும் கொண்டுவருகிறேன்.

உன்,
சேகர்