நான்கில் ஒன்றை மட்டும் போட்டால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஓவியர் டயன் பர்கோ பற்றி எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கட்டுரைக்குப் படம் தேர்ந்தெடுத்தவர் அதைப் படித்துப் பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. 'கிரின்னல் மவுன்ட் கூல்ட்' என்பது 2009இல் பர்கோ நான்கு கேன்வாஸ்களாக வரைந்த தொகுதி. மொன்டானாவில் கூல்ட் மலை உச்சியிலிருந்து கிரின்னல் என்ற ஒரே பனியாற்றை 1938, 1981, 1998, 2006 ஆகிய ஆண்டுகளில் எடுத்த புகைப்படங்களை வைத்து வரைந்தது. பனி பின்வாங்கிக்கொண்டே போகும், அது விட்டுப்போன இடத்தில் ஏரி வளர்ந்துகொண்டே வரும், நாலையும் வரிசையாகப் பார்த்தால் யாரும் விளக்கவே வேண்டாம். நீங்கள் அதில் ஒன்றை மட்டும் உருவி, ஆண்டுகூடப் போடாமல், 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டீர்கள். தனியாகப் பார்த்தால் அது வெறும் காலண்டர் படம்தானே!

அப்புறம், பர்கோ வண்ணத்தோடு வேறு பொருள்களையும் சேர்ப்பதை 'கலப்பு ஊடகம்' என்று மட்டும் சொல்லித் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அவருடைய பிற்கால வேலையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. கேன்வாஸில் கிராக்கிள் பேஸ்ட் என்ற பசையைப் பூசிக் காயவிடுகிறார், அது காயும்போது தானாகவே வெடிப்பு விடுகிறது. எவ்வளவு தடிமனாகப் பூசுவது என்பது அவர் கையில், எந்தக் கோடு எங்கே ஓடும் என்பது அவர் கையில் இல்லை. பனி பிளப்பதை வரைவதற்குப் பதில் பரப்பையே பிளக்க விட்டிருக்கிறார். அச்சில் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும், சரி, பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்த ஒரு படமாவது சேர்த்திருக்கலாம்.

அழிவை அழகாக்குகிறார் என்ற குறையைக் கட்டுரையாளர் எழுப்பியதில் தவறில்லை. அவருடைய பவளத்திட்டு ஓவியங்களின் நீலத்தைப் பார்த்து எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் பருவநிலை பேச வேண்டும் என்று பனியைத் தேடிப் போனவர் இல்லை பர்கோ, 1970களிலேயே பனிமலைகளைப் பெரிது பெரிதாக வரைந்தவர். அன்று வரைந்த பனி இன்னும் அங்கே இருக்கிறதா என்ற கேள்வி 2006 வாக்கில் வந்த பிறகுதான் பனியாற்று விஞ்ஞானிகளைத் தேடிப் போனார், கிரீன்லாந்து, அண்டார்டிகா என்று பயணம் போனார். இந்தப் பின்னணிக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது கொடுத்திருந்தால் அந்தக் குறையை வாசகரே எடைபோட்டிருப்பார்.

அடுத்த இதழில் நான்கு படங்களையும் சேர்த்துப் போடுங்கள். இடம் இல்லையென்றால் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, வரிசை மாறக்கூடாது, கீழே ஆண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்