கடிகாரத்தில் மோகனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் இசையையும் கணக்கையும் பற்றி வந்த கட்டுரை தாளத்தோடு நின்றுவிட்டது. ராகத்துக்குள் இருக்கும் கணக்கையும் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம். நான் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு 30 வருஷம் கணக்கு எடுத்தவள். வர்ணம் வரை பாட்டும் கற்றிருக்கிறேன்.

வீட்டில் ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று கிடந்தது. முட்களைக் கழற்றிவிட்டு, மணிக்கு ஒரு ஸ்வரஸ்தானமாக (ஸ்வரம் நிற்கும் பன்னிரண்டு இடங்களில் ஒன்றாக), 12-ஐ ஸட்ஜமாக, அதாவது தொடக்க ஸ்வரமான ‘ஸ’வாக, வைத்துக்கொண்டேன். மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்கும் ஸ்டிக்கர் பொட்டு: 12, 2, 4, 7, 9. பாட்டு கற்கும் பேத்தியிடம் கொடுத்துச் சுற்றச் சொன்னேன். 2-இல் ஒட்டிய பொட்டு உச்சிக்கு வந்து புது ஸட்ஜமானால் மத்தியமாவதி ராகம். 4 வந்தால் ஹிந்தோளம், 7 வந்தால் சுத்த சாவேரி, 9 வந்தால் சுத்த தன்யாசி. ஒரு பொட்டைக்கூட பிய்த்து ஒட்டவில்லை, ஆரம்பிக்கும் இடம்தான் மாறியது. வித்வான்கள் கிரக பேதம் என்று பாடிக் காட்டுவது இதைத்தான்.

அப்புறம் அவளே கடிகாரத்தைப் பழையபடி திருப்பி, நிலைக்கண்ணாடி முன் பிடித்தாள். 2-இல் இருந்த பொட்டு 10-இல் தெரிந்தது, 4 எட்டானது, 7 ஐந்தானது, 9 மூன்றானது. மெதுவாகப் பாடிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுவும் ஹிந்தோளம்தானே?" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றாத விஷயம் அது!

மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்கள் 72 என்பதும் கணக்குதான். ஸவுக்கும் சுத்த மத்தியமத்துக்கும் (ம) நடுவே நான்கு ஸ்தானங்கள். அதில் ரி, க இரண்டுக்குமாக இரண்டை எடுக்க 6 வழி. பஞ்சமத்துக்கு (ப) மேலே த, நி இரண்டுக்கும் அதேபோல 6 வழி. மத்தியமம் இரண்டு வகை. பெருக்கினால் 72. தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டிலேயே வேங்கடமகி இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். நாமோ எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணும் சேர்வுகள் பாடத்துக்கு இன்னமும் பையிலிருந்து பந்தை எடுக்கச் சொல்கிறோம்.

ராகம் முழுவதும் எண்ணுக்குள் அடங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஹிந்தோளத்தின் நிஷாதத்தை எவ்வளவு அசைப்பது என்பதைக் குரு பாடிக் கேட்டுத்தான் கற்க முடியும். ஆனால் எந்த ராகம் எதற்கு உறவு என்பதைக் கடிகாரம் ஐந்து நிமிஷத்தில் காட்டிவிடுகிறது.

அடுத்த மாணவர் பக்கத்தில் அந்த வட்டத்தைப் படமாகப் போடுங்கள். வெட்டி அட்டையில் ஒட்டிச் சுற்றிப் பார்க்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மயிலாடுதுறை