எண்ணெய் டின்னும் இரண்டாவது ஓட்டையும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பர்ஃபோர்டு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம். போக வர 65 கிலோமீட்டர் இருக்கும். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. இது ஒரு செய்தியா என்று மற்றவர்கள் கேட்கலாம். நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை என் எம்ஜிபி, அதாவது என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், நடுவழியில் நின்றபோதெல்லாம் தள்ளியவர்கள், இழுத்து வந்தவர்கள், போனில் திட்டியவர்கள் நீங்கள்தான்.

விவரம் தெரியாதவர்களுக்காக: இது 1972 மாடல், மடக்குத் துணிக்கூரை வண்டி. என் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்த அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்களே, அவற்றில் ஒன்று. 1798 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப எஸ்யூ என்ற பெயரில் இரண்டு கார்புரேட்டர். வாங்கி இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. இந்த ஏப்ரலில்தான் நோய் வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே புல்லிங் குறையும், மிதித்தால் இருமும், அப்புறம் செத்துவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

முதல் நன்றி திருச்சி பெரிய மாமாவுக்கு. நாற்பது வருடம் அம்பாசிடரோடு வாழ்ந்த மனிதர். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் என் வண்டி இன்ஜினும் ஒரே குடும்பம், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் செய்த பி சீரிஸ் இன்ஜின்கள். அதைச் சொன்னதும் போனில் மாமாவின் குரலே மாறிவிட்டது. “அட, நம்ம வீட்டுப் பொண்ணா அது!” என்றார். பிறகு ஒரு சோதனை சொன்னார்: “இருமும்போது சோக்கை இழுத்துப் பாரு மாப்ளே. கொஞ்சம் உயிர் வந்தா பெட்ரோல் பத்தல. வரலேன்னா கரண்ட் பக்கம் பாரு.” சோக்கை இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். இழுத்தேன். நூறு அடி தூரம் உயிர் வந்தது. “சரி, பெட்ரோல்தான். ஆனா கார்புரேட்டர்ல கை வைக்காதே. ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?”

கை வைத்தேன். மாமா, இதை இப்போதுதான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் கழற்றி, சமையல் மேடையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்று அழகாக விழுந்தது. மிதவை மிதந்தது, ஊசி வால்வு அடைத்தது. ஒரு குறையும் இல்லாததைக் கழற்றிவிட்டு, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி மறுபடி சமப்படுத்த எனக்கு இரண்டு வாரம் ஆனது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து வீதியே சிரித்தது. ஒன்று மட்டும் லாபம். இந்தக் கார்புரேட்டரை 1900களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த ஸ்கின்னர், செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை என்றும், அவருடைய முதல் வடிவங்களில் உலோகப் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி இருந்தது என்றும் அந்த இரண்டு வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது நன்றி, இரண்டு தடவை என்னை ஏற்றி வந்த இழுவை லாரி ஓட்டுநருக்கு. பழைய வண்டிக்காரர்களைக் கண்டாலே சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நீங்கள் செய்யவில்லை. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இன்ஜின் ஆறியபின் சாவியை மட்டும் திருப்பி அளக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல் வந்தாக வேண்டும். வீட்டு வாசலில் அளந்தேன். ஏறக்குறைய ஒரு லிட்டர் வந்தது. டேங்கிலிருந்து பெட்ரோலை அனுப்பும் மின்பம்பில் கோளாறில்லை என்று முடிவு கட்டி, பழைய ரப்பர் குழாய்கள்மேல் சந்தேகப்பட்டேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதா பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழங்காலத்து ரப்பருக்கு அது ஆகாது. எல்லாக் குழாயையும் மாற்றினேன். மாற்ற வேண்டியதுதான், ஆனால் நோய் போகவில்லை. இரண்டாவது தடவை ஏற்றும்போது நீங்கள் சொன்னீர்கள்: “வீட்டில் அளந்து என்ன பயன்? நிற்கிற இடத்தில், நிற்கிற நேரத்தில் பாருங்கள்.” அந்தச் சொல்லை நான் உடனே கேட்டிருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு நன்றி சொன்னால் அவளுக்குக் கூச்சம் வரும். வரட்டும். வண்டி எங்கே நின்றது, கிளம்பி எத்தனை கிலோமீட்டரில் நின்றது, பெட்ரோல் முள் எங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தவள் அவள். ஜூலையில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அப்பா, டேங்க் ஃபுல்லா இருக்கிற அன்னைக்குத்தான் சீக்கிரம் நிக்குது. பாதி இருந்தா அம்பது கிலோமீட்டர் ஓடுது.” நான் சிரித்தேன். பெட்ரோல் நிறைய இருந்தால் வண்டிக்குப் பெட்ரோல் போதாமல் போகுமா? துப்பு அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது. நான்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இனி பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆக்ஸ்ஃபோர்டின் கௌலி கார் ஆலையில் இளமையைக் கழித்தவர். அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பிறந்ததும் அங்கேதான் என்பதால் திருச்சி மாமாவுக்கு இவர் ஒருவகையில் சம்பந்தி. ஆகஸ்டில் விட்னி தாண்டி ஏ40 சாலையில் வண்டி நின்றபோது இவருக்குப் போன் செய்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். கையில் ஸ்பேனர்கூட இல்லை, ஒரு பழைய பாய் மட்டும். சாவியைத் திருப்பி வைக்கச் சொன்னார். பம்பு ‘டிக் டிக்’ என்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. வலது பின்சக்கரத்துக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்து, அடியில் கையை நுழைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் பம்பின் மேல் வைத்தார். “சுடுகிறது. கோளாறு பம்புக்குப் பின்னால், டேங்க் பக்கம். முன்னால் இல்லை.”

எப்படி என்று அங்கேயே, லாரிகள் சீறிக்கொண்டு போகும் ஓரத்தில் விளக்கினார். இந்தப் பம்பில் மின்காந்தம் டயாபிரம் என்ற வளையும் சவ்வை இழுத்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். பிறகு ஸ்பிரிங் அதைக் கார்புரேட்டர் பக்கம் தள்ளும். முன்பக்கம் அடைத்திருந்தால் ஸ்பிரிங்தான் தள்ள முடியாமல் நிற்கும். அந்த நிலையில் பாயிண்ட், அதாவது பம்புக்குள் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச், திறந்திருக்கும், கரண்ட் போகாது, பம்பு சுடாது. பின்பக்கம் பெட்ரோல் வராவிட்டால் காந்தம் இழுத்த இழுப்பிலேயே மாட்டிக்கொள்ளும். கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், பம்பு கொதிக்கும். சொல்லி முடித்து எழுந்து, பேன்டைத் தட்டிக்கொண்டு, டேங்க் மூடியைத் திறந்தார்.

‘உஸ்ஸ்ஸ்...’

நான்கைந்து நொடி காற்று உள்ளே போனது. உடனே அடியிலிருந்து டிக் டிக் டிக் டிக். ஐந்து மாதமாக நான் கேட்க ஏங்கிய சத்தம்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினாள். “எண்ணெய் டின்ல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடணும். எங்க அம்மா ஆணியும் அம்மிக்கல்லும் எடுத்து ரெண்டு ஓட்டைதான் போடுவாங்க.” அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், கொஞ்சம் உறிஞ்சியதும் வெற்றிடம் இறுகிவிடும். பாதி காலியாக இருந்தால் இறுக நேரமாகும். நோட்டு சரி, நான்தான் தப்பு. அரை மணியில் காற்று கசிந்து உள்ளே வந்துவிடும் என்பதால் வீட்டு வாசல் சோதனை ஒவ்வொன்றிலும் பம்பு பாஸாகிக்கொண்டே இருந்தது.

காற்று வரும் ஓட்டை எங்கே போனது என்கிறீர்களா? என் வண்டியில் அது டேங்க் மூடியிலேயே இருக்கும் சின்னத் துளை. 1970க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளில் பெட்ரோல் ஆவி வெளியேறாதபடி இறுக்க மூடியும், டேங்க் மூச்சுவிடக் கரி நிரப்பிய டப்பாவும் உண்டு. என்னுடையதில் அந்த டப்பா கிடையாது. மார்ச் கடைசியில், பழைய மூடியில் துரு பிடித்திருக்கிறதே என்று, பூட்டு வைத்த பளபளப்பான மூடி ஒன்றை ஆசையாக வாங்கி மாட்டினேன். காற்றுப் புகாத இறுக்க மூடி. துளை இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. விற்றவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அட்டையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

மாமாவுக்குப் போன் செய்து முழுக்கதையும் சொன்னேன். நீண்ட நேரம் சிரித்தார். பிறகு ஒரே கேள்வி: “பழைய மூடியத் தூக்கிப் போட்டுடலியே?”

போடவில்லை மாமா. காபி டின்னில் ஆணிகளோடு கிடந்தது. துருவைத் தேய்த்து, துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய்து மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அடுத்த சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு, மீன் குழம்பு கேட்டிருக்கிறார். விட்னி அருகே குடையோடு நின்று, என் மகளுக்கு பிஸ்கட் கொடுத்த, பேர் தெரியாத அந்த அம்மாவுக்கும் இந்த மடல் எப்படியாவது போய்ச் சேர வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை மகள் இப்படி எழுதியிருக்கிறாள்: “65 கி.மீ. டேங்க் ஃபுல். நிற்கவில்லை. டீ சுமார்.”

அன்புடன்,
எம்ஜிபிக்காரன்