மனுவுக்குப் பதில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

போராட்டங்கள் பெருகுவது நம் தென்னாப்பிரிக்க ஜனநாயகம் தளர்வதன் அடையாளம் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அந்தத் தளர்ச்சி, மக்கள் தெருவுக்கு வருவதற்கு வெகுமுன்பே அலுவலக மேசைகளில் தொடங்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் மனு அளிக்கும் உரிமையையும் சேர்த்தே வழங்குகிறது. எரிப்பும் கொள்ளையும் அதில் அடங்கா. 2021 ஜூலைக் கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாம் இதை நன்கறிவோம்.

குடிநீர் கேட்டு எங்கள் தெருவினர் கொடுத்த மனு பல மாதங்கள் பதிலின்றிக் கிடந்தது. சாலையில் அமர்ந்த மறுநாளே தண்ணீர் லாரி வந்தது! மறியல் செய்தால்தான் காரியம் நடக்கும் என்று மக்களுக்குக் கற்பித்தது யார்? ஒவ்வொரு மனுவுக்கும் 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் அளிப்பதை நகராட்சிகள் கட்டாயமாக்க வேண்டும். பதில் பெறாத மனுக்களின் பட்டியலை வார்டுதோறும் ஒட்ட வேண்டும்.

வாசகர், குவாசுலு-நடால்