மருந்துச் செய்தியோடு இதையும் போடுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மருந்துகள் சில கொரோனா வைரஸின் நொதியத்தை (என்சைம்) முடக்குவதாகக் கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. திங்கள் காலை கடை திறந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ரிட்டோனாவிர் என்ற பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். “பிள்ளை, இந்தக் குளிசை கிடக்கோ? வீட்டிலை வைச்சிருக்கிறது நல்லதுதானே.” வைத்தியரின் துண்டு கையில் இல்லை.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 22 வருடமாகப் பாமசியில் நிற்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாட்களிலும் இப்படித்தான். மூட்டுவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் கொடுக்கிற ஹைட்ரொக்சிகுளோரோகுயினைக் கேட்டு, அந்த நோய் எதுவும் இல்லாதவர்கள் வந்தார்கள். மாதாமாதம் அதை என்னிடம் வாங்கும் அக்கா ஒருவர் சில வாரம் மருந்தில்லாமல் இருந்து, விரல் மடக்க முடியாத கையோடு வந்து நின்றார். என்னிடம் ஓர் அட்டைகூட இருக்கவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்தது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஜூனிலேயே பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு, ஆஸ்பத்திரியில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பயனில்லை என்று அறிவித்துவிட்டது.

பழைய மருந்தில் புதுப் பயன் தேடுவது பிழை என்று நான் சொல்லவில்லை. அளவும் பக்கவிளைவும் தெரிந்த மருந்து, விலையும் எங்கள் நாட்டுக்குக் கட்டுப்படியாகும். அதே ரிக்கவரி ஆய்வில்தான் மலிவான டெக்சமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் அது வைரஸின் நொதியத்தைத் தொடவே இல்லை, உடலின் அழற்சியைத்தான் தணித்தது.

நொதியக் கதை வேறு. கொரோனா வைரஸின் புரதங்கள் பல முதலில் நீண்ட சங்கிலியாகத்தான் உருவாகின்றன. அதை வெட்டிப் பிரிக்கும் கத்தரிதான் அதன் பிரதான புரோட்டியேஸ் என்ற நொதியம். எச்.ஐ.வி.யிடமும் ஒரு கத்தரி உண்டு. அதை முடக்கும் லோபினாவிர் இதையும் முடக்கும் என்று நம்பினார்கள். ஆனால் இரண்டு கத்தரியும் ஒரே மாதிரி இல்லை: எச்.ஐ.வி.யின் கத்தரி வெட்டுவது அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தால், கொரோனாவின் கத்தரி வெட்டுவது சிஸ்டீன் என்ற வேறோர் அமினோ அமிலத்தால். ரிக்கவரி ஆய்வில் லோபினாவிரைச் சுமார் 1,600 பேருக்குக் கொடுத்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை.

அதோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ரிட்டோனாவிர்தான் ஆசிரியர் வட்டம் போட்டது. அது இப்போது கொரோனாவுக்குக் கொடுக்கும் பக்ஸ்லோவிட் என்ற மருந்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் அங்கே வைரஸின் கத்தரியைப் பிடிப்பது நிர்மட்ரெல்விர் என்ற புதிய மருந்து. ரிட்டோனாவிர் முடக்குவது எங்கள் ஈரலின் நொதியத்தை, மற்ற மருந்து சீக்கிரம் சிதைந்துவிடாமல் இருக்க. அதே ஈரல் நொதியம்தான் கொலஸ்திரோலுக்கு எடுக்கும் சிம்வஸ்டட்டினையும் உடைக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் சிம்வஸ்டட்டின் உடம்பில் கூடித் தசை சிதையலாம். அந்த ஆசிரியர் மாதாமாதம் என்னிடம் வாங்குவதே சிம்வஸ்டட்டின்தான்.

இப்படியான செய்தி போடும்போது, மருந்தைக் கணினியில் பொருத்திப் பார்த்தார்களா, ஆய்வுகூடக் கிண்ணத்தில் கலங்களில் சோதித்தார்களா, ஆட்களுக்குக் கொடுத்தார்களா என்று ஒரு வரி சேருங்கள். யாருடைய நொதியம் என்பதையும் எழுதுங்கள். உங்கள் பத்திரிகையைச் சனம் நம்புகிறது, அதனால்தான் வெட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விட்டுப்போன பத்திரிகைத் துண்டு என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் ஒரு விளக்கம் வெளியிட்டால் அதையும் பக்கத்தில் வைப்பேன்.

மருந்தாளர்,
கோண்டாவில்.