‘விருப்பத்துடன் ஒப்படைத்தேன்’ என்று ஏன் எழுதி வாங்குகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தம்பி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். ஃபைனான்ஸில் எடுத்த வண்டி. காலில் அடிபட்டுப் படுத்திருந்ததில் இரண்டு டியூ நின்றுபோனது. மூன்றாவது மாதம் லோடு ஏற்றிப் போகும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் குறுக்கே நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடையாள அட்டை கேட்டால், செல்போனில் அவன் வண்டி நம்பரைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் அவனோடு நானும், எடுத்த வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போனேன். வண்டிக்குள் கிடந்த தார்ப்பாய், கயிறு, அவனுடைய மருந்துச் சீட்டு எல்லாம் வேண்டுமென்றால் முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்கள். ‘தவணை கட்ட இயலாததால் வாகனத்தை என் முழு விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. தேதி மட்டும் பேனாவால் போட்டிருந்தார்கள், முந்தைய நாள் தேதி. அந்தத் தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடன் வாங்கினால் கட்டத்தான் வேண்டும். கட்டாதவர் வண்டியை எடுக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு ஒப்பந்தப்படி உண்டு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2008-ல் வங்கிகளுக்கும் 2009-ல் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தச் சூழலில் அது தேவையில்லை, வண்டியை எப்படி எடுப்பார்கள், ஏலத்துக்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, கட்டினால் வண்டியை எப்படித் திருப்பித் தருவார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வங்கி சார்பில் வசூலுக்கு வருபவர் கையில் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். ஆள் வைத்து மிரட்டி வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்தது. தவணைக் கொள்முதல் வண்டியானாலும் பலவந்தம் கூடாது, சட்டப்படிதான் மீட்க வேண்டும் என்று 2011-ல் மறுபடியும் சொன்னது.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது அந்த ஒற்றைத் தாள். நீங்களாகவே ஒப்படைத்துவிட்டீர்கள் என்றால் நோட்டீஸ் எங்கே, அதிகாரக் கடிதம் எங்கே என்று அப்புறம் எப்படிக் கேட்பீர்கள்? சாலையில் நடந்தது பறிப்பு. மறுநாள் வாங்கும் கையெழுத்தில் அது ஒப்படைப்பு ஆகிவிடுகிறது. கொஞ்சம் தார்ப்பாய்க்கும் கயிறுக்கும் ஆசைப்பட்டு எத்தனை பேர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார்களோ என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

நாங்கள் போடவில்லை. வேறொரு வெள்ளைத் தாளில் பொருட்களை வரிசையாக எழுதி, ‘இவற்றை மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று தேதி, நேரத்துடன் தம்பி கையெழுத்திட்டான். ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, சரி, கடைசியில் பொருட்களைக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போய் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். கம்பெனியின் புகார் அதிகாரிக்கும் எழுதியிருக்கிறோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

கடன் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் விவரங்களைத் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி சொன்னதே. தம்பி கையெழுத்திட்ட ஒப்பந்தம் முழுக்கப் பொடி எழுத்து ஆங்கிலம். நகலே நாங்கள் கேட்ட பிறகுதான் வந்தது. வண்டியை எடுக்கும் பகுதியை மட்டுமாவது தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து, சாவி கொடுக்கிற அன்றே வாசித்துக் காட்டுங்கள். யார்டில் அந்த ஒப்படைப்புத் தாளை நீட்டுவதை நிறுத்துங்கள்.

எங்கள் புகார் போய் 12 நாள் ஆகிறது. வண்டி இன்னும் யார்டில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி