டிசம்பர் கேக் அலங்காரம்: கவனிக்க வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் கேக்குகளும் டிசம்பர் பிறந்தநாள்களும் நெருங்குவதால் இந்தக் குறிப்பு.

மும்பையில் டிசம்பரிலும் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். எனவே வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் அடித்துச் செய்யும் பட்டர்கிரீம் வேலையைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் சலித்த ஐசிங் சர்க்கரை போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் வெண்ணெய் பளபளக்கக் கூடாது. அதுதான் அடிப்பதற்குச் சரியான பதம்.

கேக் முழுவதும் ஆறிய பிறகே கிரீம் தடவுங்கள். முதலில் மெல்லிய ஒரு பூச்சு. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த பூச்சைப் போட்டால் கேக் துகள்கள் மேலே வராது. இந்தப் படியைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். கப்கேக்குக்கு மட்டும் இது தேவையில்லை.

சிவப்பு நிறத்துக்கு ஜெல் வண்ணம் நல்லது. சில மணி நேரத்தில் நிறம் தானாகவே அடர்த்தியாகும், அவசரப்பட்டு மேலும் சேர்க்க வேண்டாம். ஃபாண்டன்ட் (மாவுபோல் பிசைந்து உருவம் செய்யும் சர்க்கரைக் கலவை) பொம்மைகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்த்துப் பிசுபிசுக்கும். வெளியே மூடி வையுங்கள்.

முக்கியமாக, மாட்டுங்கா பூக்கடைகளில் வாங்கும் பூக்களைக் கேக்கில் செருகாதீர்கள். பூச்சிமருந்து பட்டிருக்கலாம். அரளி நச்சுப் பூ, குழந்தைகள் சாப்பிடும் கேக்கின் அருகிலேயே அது வரக்கூடாது.

கிரீம் பிழியும் கூம்புப் பையும் அதன் முனையில் பொருத்தும் நாசில்களும் வாங்க ஞாயிறன்று கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் இங்கே தெரிவியுங்கள். மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கிவிடலாம்.